உறுமும் வால்வு ஆம்ப்: சத்தத்தைக் கேட்டு வயரிங்கைச் சரிசெய்யும் வழி

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கிதார் பிடித்த பிள்ளைகள் நிறையப் பேர். சர்ச்சில் வாசிக்கிறவர்கள், கானாவுக்கு வாசிக்கிறவர்கள், மொட்டை மாடியில் நாலு பேராகக் கூடி வாசிக்கிறவர்கள். அவர்களில் சிலருக்குப் பழைய ரேடியோவில் கழற்றிய வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் வைத்துத் தாங்களே ஒரு ஆம்ப் கட்டவேண்டும் என்ற ஆசை வருகிறது. நல்ல ஆசை. ஒரு 12ஏஎக்ஸ்7 (ஒரே குப்பியில் இரண்டு பாதியாக உள்ள முன்பெருக்கி வால்வு), ஒரு ஈஎல்84 (ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு), ஐந்து வாட்டுக்குச் சற்றுக் குறைவான வெளியீடு. ஒரு வீட்டு அறைக்கு அது தாராளம். சர்க்யூட் படமும் ஒரு தாளில் அடங்கிவிடும். ஆனால் சுவிட்சைப் போட்டதும் பெரும்பாலும் முதலில் வருவது பாட்டு அல்ல, உறுமல்.

அந்த உறுமலுக்கு நம் பக்கத்தில் நடக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. "ண்ணா, பிளக்குல எர்த் பின்னைக் கழட்டிட்டேன், ஹம் போயிடுச்சுண்ணா" என்று சந்தோஷமாக வந்து சொல்வார்கள். ஹம் போனது உண்மைதான். கூடவே அந்தப் பையனின் உயிருக்கு இருந்த காவலும் போய்விட்டது. ஹம்முக்கான காரணம் சேசிஸுக்குள்ளே (ஆம்பைத் தாங்கும் உலோகத் தகட்டுக்குள்ளே), எந்த வயர் எந்த இடத்தில் சேருகிறது என்பதில் இருக்கிறது. வீட்டு எர்த்தைத் தொடாமலேயே அதைத் தீர்க்க முடியும். எப்படி என்பதை ஒவ்வொரு அறிகுறியாகப் பார்க்கலாம். கீழே எர்த் என்று வரும் இடமெல்லாம் வீட்டுப் பிளக்கின் பச்சை வயர். கிரவுண்ட் என்று வருவது சர்க்யூட்டின் மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி.

திறப்பதற்கு முன்

சின்ன ஆம்பிலும் எச்.டி. (ஹை டென்ஷன், வால்வுகளுக்கான உயர் வோல்டேஜ்) லைனில் 250 முதல் 320 வோல்ட் வரை டிசி நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் அதை வைத்துக்கொண்டிருக்கும். பிளக்கையே பிடுங்கிவிட்டு, முதல் ஃபில்டர் கண்டென்சரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ரப்பர் உறை போட்ட கிளிப்பால் மாட்டுங்கள். மீட்டரில் வோல்டேஜ் பத்துக்குக் கீழே இறங்கிய பிறகே உள்ளே கை வைக்கலாம். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து இறக்குவது வேண்டாம். கண்டென்சரும் கெடும், தீப்பொறி கண்ணிலும் தெறிக்கும். அந்தக் கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகவே சால்டர் செய்துவிடுவது இன்னும் நல்லது. 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர் என்றால் ஒரு நிமிஷத்தில் தானே இறங்கிவிடும். அப்போதும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே தொடுங்கள்.

கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால், மீட்டரின் கறுப்பு வயரைச் சேசிஸில் கிளிப் போட்டு விட்டுவிடுங்கள். சிவப்பு வயரை வலது கையில் பிடியுங்கள், இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். காலில் செருப்பு, தரை காய்ந்திருக்க வேண்டும், வீட்டில் கூட ஒரு ஆள் இருக்க வேண்டும்.

புதிதாகக் கட்டியதையோ மாற்றிக் கட்டியதையோ நேராகப் பிளக்கில் போடாமல் சீரிஸ் லாம்ப் போர்டு வழியாகப் போடுங்கள். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்: ஃபேஸ் வயரின் நடுவே 60 வாட் குண்டு பல்பு ஒன்று. எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. மூர் மார்க்கெட் பக்கம் பழைய ரேடியோ வாங்கி அதையே ஆம்பாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் வால்வின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். யூஎல்84, யூஒய்85, யூசிஎல்82 என்று 'யூ' எழுத்தில் தொடங்கினால் அது ஏசி/டிசி செட். அதில் பொதுவாக வீட்டு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. வால்வைச் சூடாக்கும் ஃபிலமெண்ட்டுகள் வரிசையாக இணைந்து நேராக 230 வோல்ட்டில் எரியும், சேசிஸும் வீட்டு வயரின் ஒரு முனையில் நேராகச் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிப் போட்டால் சேசிஸ் ஃபேஸில் நிற்கும். ரேடியோவுக்கு மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும் இருந்ததால் சேசிஸில் கை படவில்லை. கிதார் கம்பியோ சேசிஸோடு நேரடியாகச் சேர்ந்தது, அதைப் பிடித்திருப்பது உங்கள் கை. அந்த செட்டை அப்படியே கிதாருக்கு வைக்கவே கூடாது. ஈஎல்84, ஈசிசி83 (12ஏஎக்ஸ்7-இன் இன்னொரு பெயர்), ஈசெட்81 என்று 'ஈ' எழுத்து வால்வும், இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ள மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கும் செட்டைத் தேடுங்கள்.

தொட்டால் சுர்ரென்கிறது

கிதார் கம்பியைத் தொடும்போதோ சேசிஸில் விரல் உரசும்போதோ சுர்ரென்று இழுத்தால் வாசிப்பதை அப்போதே நிறுத்துங்கள். வேறு எந்த அறிகுறியையும் இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் வீட்டுப் பாயிண்ட். மீட்டரை ஏசியில் வைத்து மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 230. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே எண். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட். இரண்டாவது எண் 230 வராமல் எண்பது, நூறு என்று அலைந்தால் எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது வரவே இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடிப் பக்கம் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், பின்னால் இரண்டு வயர்தான் வந்திருக்கும்.

மூன்றாவது எண் எப்போதும் துல்லியமாகப் பூஜ்யம் காட்டினாலும் சந்தோஷப்படாதீர்கள். அதே போர்டில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஆயிரம் வாட் பெட்டி நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நியூட்ரல் வயரில் அந்த ஓட்டத்தால் கொஞ்சமாவது வோல்டேஜ் எழ வேண்டும். அப்போதும் பூஜ்யமாகவே நின்றால், போர்டுக்குள்ளே யாரோ நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். இது எர்த் இல்லாததைவிட ஆபத்து. எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் உங்கள் ஆம்பின் சேசிஸ் முழு 230 வோல்ட்டில் நிற்கும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டதும் கரண்டை வெட்டும் சுவிட்ச்) ஒன்றும் போடச் சொல்லுங்கள். கடலோரத்தில் ஈரமும் உப்பும் உள்ள மண் எர்த்துக்கு நல்ல மண்தான். ஆனால் அதே உப்பு ஜிஐ பைப்பையும் கிளாம்பையும் அரித்துவிடும். எப்போதோ போட்ட எர்த் குழி என்றால் கிளாம்ப் இணைப்பைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

பாயிண்ட் சரி என்றால் ஆம்புக்கு வாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எர்த் பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஓமை அளந்து பாருங்கள். மீட்டர் வயரின் சொந்த ஓமைக் கழித்தால் அரை ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்தப் பச்சை வயருக்குத் தனி போல்ட் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே மாட்டாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றும் நாளில் எர்த்தும் கழன்றுவிடும். போல்ட்டைச் சுற்றி பெயிண்டைச் சுரண்டி, வெறும் உலோகம் தெரிய வைத்து, பல் வாஷர் போட்டு, நட்டின் மேல் இன்னொரு நட் இறுக்குங்கள். பச்சை வயரைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது கார்டை இழுத்துவிட்டால் மற்ற வயர்கள் முதலில் அறுந்து, எர்த் கடைசியாக அறுபட வேண்டும்.

பழைய படங்களைப் பார்த்துக் கட்டியவர்கள், மெயின்ஸ் வயரிலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டென்சர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு பின் பிளக் காலத்தில் ஹம்மைக் குறைக்கப் போட்டது அது. அது ஷார்ட் ஆனால் சேசிஸ் ஃபேஸ் ஆகிவிடும். வெட்டி எறியுங்கள். ஃப்யூஸும் சுவிட்சும் ஃபேஸ் வயரில் இருக்க வேண்டும். இந்த அளவு ஆம்புக்கு அரை ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ் போதும்.

வால்யூம் பூஜ்யம், கிதாரும் மாட்டவில்லை, ஆனாலும் உறுமல்

வால்யூம் குமிழைத் திருப்பினாலும் சத்தம் மாறவில்லை என்றால் காரணம் குமிழுக்குப் பின்னால் இருக்கிறது: எச்.டி. சப்ளை, ஈஎல்84, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது 12ஏஎக்ஸ்7-இன் இரண்டாம் பாதி. ஆம்பை அணைத்து, 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றி வைத்துவிட்டு, அது இல்லாமலே மறுபடி சுவிட்சைப் போடுங்கள். உறுமல் நின்றால் அந்த வால்வைச் சுற்றித் தேடுங்கள். நிற்காவிட்டால் சப்ளையும் ஈஎல்84-உம்தான். ஸ்பீக்கர் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது.

அடுத்து, உறுமலின் சுருதியைக் கேளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டு பக்கமும் நேராக்கும் ரெக்டிஃபையர் என்றால் எச்.டி. லைனில் மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். கிதாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதோடு ஏறக்குறைய ஒட்டினால் 100, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50. டியூனரை நம்பாதீர்கள், இரண்டுக்கும் அது ஜி என்றே காட்டும். போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் இருந்தால் சந்தேகமே இல்லை.

100 என்றால் முதலில் ஃபில்டர் கண்டென்சர். பழைய ரேடியோவில் இருந்த எலெக்ட்ரோலிடிக் எதையும் நான் திரும்பப் போடமாட்டேன்; அவை காய்ந்திருக்கும். ஆம்பை அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, சந்தேகப்படும் கண்டென்சருக்குக் குறுக்கே 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் புதியது ஒன்றைச் சரியான பிளஸ் மைனஸ் பார்த்துத் தற்காலிகமாக சால்டர் செய்து, பிறகு சுவிட்ச் போடுங்கள். உறுமல் சட்டென்று குறைந்தால் பழையதை மாற்றிவிடுங்கள்.

புதுக் கண்டென்சர் போட்டும் 100 நிற்கவில்லை என்றால் கிரவுண்ட் ஓடும் பாதைதான் காரணம். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், வீட்டில் கட்டிய ஆம்ப்களில் பாதி இதில்தான் தடுமாறுகிறது.

ரெக்டிஃபையர் முதல் கண்டென்சரை நிரப்புவது சீரான ஓட்டமாக அல்ல. நொடிக்கு நூறு தடவை, குட்டிக் குட்டித் துடிப்பாக நிரப்புகிறது. சராசரி 50 மில்லிஆம்பியர்தான் என்றாலும் துடிப்பின் உச்சி அதைவிடப் பல மடங்கு, அரை ஆம்பியர்கூட எழும். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு 0.034 ஓம். பத்து சென்டிமீட்டர் என்றால் 3.4 மில்லிஓம். அதில் அரை ஆம்பியர் துடிப்பு ஓடினால் 1.7 மில்லிவோல்ட் எழும். அற்பமான எண்ணாகத் தெரியும். ஆனால் கிதார் பிக்கப் தருவதே சில பத்திலிருந்து சில நூறு மில்லிவோல்ட்தான், 12ஏஎக்ஸ்7-இன் ஒவ்வொரு பாதியும் அதை ஐம்பது மடங்குக்கு மேல் பெருக்குகிறது. அந்த பத்து சென்டிமீட்டர் வயரையே முதல் வால்வின் கேத்தோடு (எலெக்ட்ரான் புறப்படும் முனை) கிரவுண்டாகவும் பயன்படுத்தினால், துடிப்பும் பாட்டோடு சேர்ந்து பெருகி ஸ்பீக்கருக்கு வந்துவிடும். கீழ் வீட்டில் குழாயைத் திறந்தால் மேல் வீட்டில் தண்ணீர் மெலிகிறதே, குழாய் பொதுவாக இருப்பதால், அதே கதைதான். சேசிஸ் தகடு அகலமானது, எங்கே போல்ட் போட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்து ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் ஒரு போல்ட்டில் கிரவுண்ட் கொடுத்தால், துடிப்பு சேசிஸ் முழுக்க அலைந்து எல்லா வால்வையும் தொட்டுவிட்டுத்தான் வீடு திரும்பும்.

சரியான வரிசை இப்படி. எச்.டி. சுற்றின் நடு டேப், அல்லது பிரிட்ஜின் மைனஸ், ஒரு தனி வயராக நேரே முதல் ஃபில்டர் கண்டென்சரின் மைனஸ் முனைக்குப் போக வேண்டும். வழியில் வேறு எதையும் தொடக் கூடாது, சேசிஸையும் தொடக் கூடாது. துடிப்பு அந்த இரண்டு முனைக்கு நடுவிலேயே சுற்றி முடிந்துவிடும். அந்த மைனஸ் முனையிலிருந்து தடித்த ஒற்றைக் கம்பி ஒன்றை இன்புட் ஜாக்கை நோக்கி இழுங்கள். அதில் முதலில் ஈஎல்84-இன் கேத்தோடு ரெசிஸ்டர், அதன் பைபாஸ் கண்டென்சர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியின் ஒரு முனை. அடுத்து இரண்டாம் ஃபில்டர் கண்டென்சரின் மைனஸ். அதற்கப்புறம் மூன்றாம் கண்டென்சரின் மைனஸும், அது எந்த வால்வுக்குச் சாப்பாடு போடுகிறதோ அந்த 12ஏஎக்ஸ்7-இன் கேத்தோடு கிரவுண்டும், வால்யூம் குமிழின் கீழ் முனையும். கடைசியில் இன்புட் ஜாக்கின் உறை முனை. இந்தக் கம்பி சேசிஸைத் தொடுவது ஒரே ஒரு இடத்தில், இன்புட் ஜாக் பக்கத்தில் மட்டும்.

உலோக ஜாக் என்றால் அதன் உறையே சேசிஸைத் தொட்டுவிடும். அதையே அந்த ஒரே இடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் ஜாக் பிளாஸ்டிக் உடம்பு உள்ளதாக இருக்கட்டும், இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாமல் இரண்டாவது இணைப்பு ஒன்று முளைத்துவிடும். சோதிக்க எளிய வழி: அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, அந்த ஒரே இணைப்பைக் கழற்றிவிட்டுக் கிரவுண்ட் கம்பிக்கும் சேசிஸுக்கும் நடுவே ஓம் பாருங்கள். இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். பூஜ்ய ஓம் காட்டினால் வேறெங்கோ ஒட்டுகிறது. குமிழ்களின் உடம்பு, கண்டென்சரின் உலோக டப்பா, ஜாக் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பார்த்து முடித்ததும் இணைப்பைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். கிரவுண்ட் சேசிஸில் சேராத ஆம்பில் உள்ளே ஒரு ஷார்ட் ஆனால் எர்த் உங்களைக் காப்பாற்றாது.

கிரவுண்ட் சரியாகி, கண்டென்சரும் சரியாகி, 50 ஹெர்ட்ஸ் உறுமல் மட்டும் மெல்லியதாக மிஞ்சினால், மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் புகுகிறதா என்று பாருங்கள். ஈஎல்84-ஐக் கழற்றி, எச்.டி. சுற்றை ரெக்டிஃபையரிலிருந்து விடுவித்து, அதன் முனைகளை நன்றாக இன்சுலேட் செய்துவிடுங்கள். ஸ்பீக்கர் முனையில் ஒரு சாதா ஹெட்ஃபோனை மாட்டி மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். ஹெட்ஃபோனில் உறுமல் கேட்டால், போல்ட் தளர்த்திய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் சத்தம் காணாமல் போகும். பெரும்பாலும் இரண்டின் காயிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும்போது. அந்த இடத்தில் போல்ட் ஓட்டை போடுங்கள். சேசிஸ் வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்வது இன்னும் புத்திசாலித்தனம்.

கவனிக்க: பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துபோனாலும் எச்.டி. அலை 100-இலிருந்து 50-க்கு இறங்கிவிடும். அந்த 50 கனமாக, கண்டென்சர் கெட்டது போலவே ஒலிக்கும். டயோடுகளையும் ஒருமுறை மீட்டரில் பாருங்கள்.

வால்யூமைத் திருப்பினால் கூடவே ஏறும் 50 ஹெர்ட்ஸ்

இது ஃபிலமெண்ட் வயரிங்கின் குரல். 6.3 வோல்ட் சுற்றுக்குக் கிரவுண்ட் குறிப்பே கொடுக்காமல் தொங்கவிடுவதுதான் மிகச் சாதாரணமாகக் காணும் காரணம். சுற்றுக்கு நடு டேப் இருந்தால் அதைக் கிரவுண்டில் சேருங்கள். இல்லையென்றால் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் எடுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கிரவுண்டில் சேருங்கள். ஒரு முனையை மட்டும் நேரே கிரவுண்டில் கட்டிவிடுவது பழைய ரேடியோ வழக்கம். கிதாருக்கு அது போதாது.

12ஏஎக்ஸ்7-இல் 6.3 வோல்ட்டுக்கு 4, 5 பின்களைச் சேர்த்து ஒரு முனை, 9 மறுமுனை. ஈஎல்84-இல் 4, 5 தனித்தனி முனைகள். வயர்களை இறுக்கி முறுக்குங்கள், சேசிஸின் மூலையோடு ஒட்டிப் போகட்டும், வால்வு சாக்கெட்டை மேலிருந்து தொடட்டும். 12ஏஎக்ஸ்7-இன் 2, 7 பின்கள் கிரிட், அதாவது சிக்னல் நுழையும் முனை. அவற்றின் வயர் ஃபிலமெண்ட் வயரைக் கடக்க வேண்டியிருந்தால் குறுக்கே வெட்டிப் போக வேண்டும், பக்கத்தில் கூடவே ஓடக் கூடாது.

அதற்கும் அடங்காவிட்டால், 100 ஓம் ரெசிஸ்டர்கள் சந்திக்கும் இடத்தைக் கிரவுண்டுக்குப் பதிலாக 30, 40 வோல்ட் டிசியில் நிறுத்துங்கள். எச்.டி. லைனிலிருந்து 220 கிலோ, 33 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து, 33 கிலோவுக்குக் குறுக்கே 22 மைக்ரோஃபாரட் கண்டென்சர். 300 வோல்ட்டில் இது ஏறக்குறைய 39 வோல்ட் தரும். ஃபிலமெண்ட்டிலிருந்து கேத்தோடுக்குக் கசியும் மின்னோட்டம் இதனால் அடங்கிவிடும். சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சின்ன மாற்றம் எத்தனையோ ஆம்பை அமைதியாக்கும்.

கிதார் மாட்டினால் மட்டும் உறுமல்

ஜாக்கில் எதுவும் இல்லாதபோது இன்புட்டைக் கிரவுண்டில் ஷார்ட் செய்யும் சுவிட்ச் ஜாக் போட்டிருந்தால், ஆம்ப் அமைதியாக இருந்து கிதாரை மாட்டியதும் உறுமும். அப்படியானால் ஆம்பைத் திறக்காதீர்கள். கிதாரைப் பிடித்தபடி மெல்லச் சுற்றித் திரும்புங்கள். ஒரு திசையில் அடங்கி இன்னொரு திசையில் ஏறினால் அது சிங்கிள் காயில் பிக்கப் காற்றிலிருந்து பிடிக்கும் உறுமல். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைத் தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் இது வண்டி வரும்போது கூடும். மேலே 25,000 வோல்ட் கம்பி, கீழே தண்டவாளம், இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய சுற்று. வண்டி இழுக்கும்போது அதன் காந்தப்புலமும் பெருகுகிறது. நிற்கும் இடத்தை மாற்றுவதும், இரண்டு காயிலால் உறுமலை அடக்கும் ஹம்பக்கர் பிக்கப்பும்தான் வழி.

'கொர்ர்' என்று கூர்மையாக, ஈ மொய்ப்பது போல் வந்தால் ஃபேன் ரெகுலேட்டர், மலிவு எல்ஈடி பல்பு, போன் சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால், அது சதுர அலை தரும் இன்வெர்ட்டர். வயரிங்கால் அதைத் தீர்க்க முடியாது.

கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைவது இயல்பு. உங்கள் உடம்பும் கிரவுண்டில் சேர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். தொட்டதும் சத்தம் கூடினால் கார்டின் உறை வயரோ, பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயரோ, வீட்டு எர்த்தோ விட்டிருக்கிறது. மறுபடி எர்த் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

கீச்சென்ற அலறல், அல்லது டப் டப் டப்

முதல் முறை போட்டதுமே, வால்யூம் எங்கே இருந்தாலும் அலறினால், நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் கொஞ்சத்தை முன்னால் திருப்பி அனுப்பும் வழி) தலைகீழாக இருக்கிறது. அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். தீர்ந்தது.

வால்யூமும் டிரெபிளும் பாதிக்கு மேல் போனால் மட்டும் அலறுவது வயர் போகும் வழியைப் பொறுத்தது. ஈஎல்84-இன் 7-ஆம் பின்னிலிருந்து வரும் நீல வயரோ ஸ்பீக்கர் வயரோ முதல் வால்வின் கிரிட்டுக்கு அருகில் ஓடினால் சத்தம் சுற்றிச் சுற்றி வளரும். ஆம்ப் ஓடும்போது காய்ந்த மூங்கில் குச்சியால் வயர்களை மெல்லத் தள்ளிப் பாருங்கள்; எதைத் தள்ளும்போது அலறல் மாறுகிறதோ அதுதான். இன்புட் ஜாக்கிலிருந்து கிரிட்டுக்குப் போகும் வயரை உறை போட்ட வயராக மாற்றி, உறையை ஜாக் பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். மறுமுனை வெறுமனே நிற்கட்டும். கிரிட் பின்னிலேயே ஒட்டினாற்போல 68 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஈஎல்84-இன் 2-ஆம் பின்னில் சில கிலோ ஓம். ஆம்பில் மீடியம் வேவ் ரேடியோ செய்தி கேட்டாலும் இதே 68 கிலோ ஓம்தான் மருந்து.

படகு மோட்டார் போல 'டப் டப் டப்' என்று மெதுவாக அடித்தால், வால்வுகளுக்கு நடுவே எச்.டி. லைன் சரியாகப் பிரிக்கப்படவில்லை. இரண்டாம், மூன்றாம் ஃபில்டர் கண்டென்சரையும், அவற்றுக்கு நடுவே உள்ள ரெசிஸ்டரையும் பாருங்கள்.

கரகரப்பு, விட்டுவிட்டு வரும் சத்தம்

காசிமேட்டிலோ எண்ணூரிலோ கடற்காற்று வரும் வீட்டில் ஆம்பை வைத்திருப்பவர்களுக்கு இது வந்தே தீரும். வால்வு சாக்கெட், ஜாக், ஃப்யூஸ் ஹோல்டர், எர்த் போல்ட் எல்லாவற்றிலும் உப்பு ஈரம் படிகிறது. அலுமினியச் சேசிஸில் இரும்பு போல்ட் சேரும் இடம் இன்னும் சீக்கிரம் அரிக்கிறது. எஸ்.எஸ். போல்ட் போட்டு, இறுக்கிய பின் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கான்டாக்ட் கிளீனரைச் சாக்கெட்டில் விட்டு, வால்வை நாலைந்து தடவை சொருகி எடுங்கள். சுத்தம் செய்தும் கரகரத்தால் அனோடு (வால்வின் தகடு) லைனில் உள்ள 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சந்தேகப்படுங்கள், பழைய கார்பன் ரெசிஸ்டர் என்றால் மெட்டல் ஃபிலிமாக மாற்றிவிடுங்கள். சத்தமும் கூடவே குறையும்.

ஈஎல்84-இன் 2-ஆம் பின்னில் டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும். பிளஸ்ஸில் ஒரு வோல்ட் நின்றாலும், முந்தைய வால்விலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது. வால்வின் தகடு சிவக்கத் தொடங்குவதற்குள் மாற்றுங்கள்.

வீட்டில் சரி, மேடையில் உறுமுகிறது

தெருமுனைத் திருவிழாவில் மைக் செட்டுக்காரர் ஜெனரேட்டரிலிருந்து எடுத்திருப்பார், உங்கள் ஆம்ப் பக்கத்து வீட்டுப் பாயிண்டிலிருந்து போயிருக்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள வோல்டேஜ் வித்தியாசம், ஆம்பிலிருந்து மைக் செட்டுக்குப் போகும் லைன் அவுட் கார்டு வழியாக ஆம்புக்குள் ஓடி உறுமலாக வருகிறது. இங்கேதான் பலர் எர்த் பின்னைக் கழற்றுகிறார்கள். அந்த நிலையில் கிதார் கம்பியில் ஒரு கை, உதட்டில் மைக். நடுவே இருப்பது பாடுகிறவரின் உடம்பு.

ஏறுவதற்கு முன் மீட்டரை ஏசியில் வைத்து, ஒரு முனையைக் கிதார் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்காதீர்கள். "ண்ணா, என் ஆம்புக்கும் உங்க போர்டுலேர்ந்தே ஒரு பாயிண்ட் குடுங்க" என்று மைக் செட்டு அண்ணனிடம் கேளுங்கள். மூன்று வயர் எக்ஸ்டென்ஷனைக் கையோடு கொண்டு போங்கள். ஜெனரேட்டரின் உடம்பும் நியூட்ரலும் எர்த் கம்பியில் சேர்ந்திருக்கிறதா என்றும் அவரிடமே கேட்டுவிடுங்கள். எல்லாம் ஒரே போர்டுக்கு வந்த பின்னும் லேசாக உறுமினால், லைன் அவுட் கார்டின் நடுவே 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸைப் போட்டு, அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது பிரிப்பது சிக்னல் கார்டின் உறையை மட்டும். பச்சை வயர் இருந்த இடத்திலேயே இருக்கும்.